குன்னூர் பழம்பொருள் கடையும் எகிப்துப் பச்சையும்

என் தம்பி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். வரவேற்புக்கு என்ன நகை வேண்டும் என்று கேட்டேன். கைப்பேசியை நீட்டி, "இந்த மாதிரி எகிப்து நகை வேண்டும் அத்தை. மரகதம் வைத்தது. பழையதாக இருக்க வேண்டும்" என்றாள். படத்தில் இறக்கை விரித்த வண்டு ஒன்று பச்சைக்கல்லைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அட்டிகை எடுத்திருக்கிறோம், காசுமாலை எடுத்திருக்கிறோம். வண்டு எடுத்ததில்லை.

நான் அரவங்காட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அப்பா காங்கேயத்தில் நகைப் பட்டறை வைத்திருந்தார். ஒரு கல்லைக் காட்டி யாராவது ஒரு பெயரைச் சொன்னால் உடனே நம்பிவிடும் பழக்கம் இரண்டு வழியிலும் எனக்கு வரவில்லை. அப்பாவின் பழைய லென்ஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவளை அழைத்துப் போனேன்.

கடை மேல் குன்னூரில், பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பூங்கா பக்கம் ஏறும் வழியில், ஒரு பழைய பங்களாவின் முன்பகுதியில் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரப் பெரியவரே கேட்டுக்கொண்டார். கோடை விடுமுறைக் கூட்டம் வந்து பீங்கான் தட்டுகளை உடைத்துவிட்டுப் போவதாக அவருக்குப் பெரிய மனக்குறை. நானும் சில குறைகள் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் இல்லாமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

உள்ளே போனதும் மரத்தரை முனகுகிறது, அந்துருண்டை வாசனை அடிக்கிறது. தோட்ட பங்களாக்கள் கைமாறியபோது வெளியே வந்த சாமான்கள்தான் பெரும்பாலும்: பித்தளை விளக்குகள், ஓரம் உடைந்த தேநீர்க் கோப்பைகள், முள் நின்றுபோன கடிகாரங்கள். நகைகள் தனியாக ஒரு தேக்கு எழுதுமேசையின் மூன்று இழுப்பறைகளில் இருக்கின்றன. குன்னூர் ஈரத்துக்கு ஒவ்வொரு இழுப்பறையிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறார். இந்த அக்கறை எனக்குப் பிடித்தது. வெள்ளி நகைகள் இங்கே ஒரு மழைக்காலத்திலேயே கறுத்துவிடும், அவருடையவை கறுக்கவில்லை.

முதல் இழுப்பறையிலேயே அவள் தேடியது கிடைத்தது. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தங்க புரூச். நடுவில் ஃபரோவின், அதாவது பழைய எகிப்து அரசனின் தலை, தலைத்துணியின் கோடுகளில் நீல எனாமல், இருபுறமும் தாமரை மொட்டுகள், கீழே பட்டை தீட்டிய ஒரு பச்சைக்கல். (எகிப்தியச் சித்திரங்களில் 'தாமரை' என்று சொல்லப்படுவது உண்மையில் நீல அல்லி. இதைச் சொல்லாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது.) கூடவே நூலில் கட்டிய சீட்டு. நீல மையில், அழகான கையெழுத்தில்: "எகிப்திய மரகதம், 1922, துட்டன்காமன்." விலை 95,000 ரூபாய்.

அந்தச் சீட்டில் ஒரு சொல்கூடச் சரியில்லை என்று தெரிய அரைமணி நேரம் ஆயிற்று.

முதலில் 1922. அந்த ஆண்டு நவம்பரில் ஆங்கிலேய அகழ்வாராய்ச்சியாளர் ஹோவர்டு கார்ட்டர், எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்த பிறகு ஐரோப்பாவில் எகிப்து மோகம் தலைக்கேறியது உண்மைதான். பாரிஸில் கார்ட்டியே போன்ற பெரிய நகைக்கடைகள் வண்டும் இறக்கையுமாகச் செய்து தள்ளின. ஆனால் அந்த மோகம் அதற்கு முன்பே இரண்டு முறை வந்து போயிருக்கிறது. 1798இல் நெப்போலியன் படையெடுத்துப் போனபோது ஒரு முறை, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபோது இன்னொரு முறை. பழைய எகிப்து பாணி நகை எதைப் பார்த்தாலும் விற்பவர்கள் துட்டன்காமன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், பெயருக்கு மவுசு இருப்பதால்.

புரூச்சைத் திருப்பி லென்ஸில் பார்த்தேன். ஊசிக்குப் பக்கத்தில் தேய்ந்த முத்திரைகள்: ஒரு நங்கூரம், 15, அடுத்து .625 (24 பங்கில் 15 பங்கு சுத்தத் தங்கம்). நங்கூரம் பர்மிங்காம் நகரத்து முத்திரை. 15 காரட் தங்கத்துக்கு இங்கிலாந்தில் 1854இல்தான் அனுமதி வந்தது, 1932இல் எடுத்துவிட்டார்கள். ஆண்டைச் சொல்லும் எழுத்து தேய்ந்து போயிருந்தது. ஊசி மாட்டும் இடத்தில் பூட்டு கிடையாது, பழைய பாணியில் வளைந்த வெறும் கொக்கிதான். என் கணிப்பு, இது கார்ட்டர் மண்வெட்டி எடுப்பதற்கு முன்பே செய்தது.

அப்புறம் மரகதம். கல்லை நான்கு கவ்வுகள்தான் பிடித்திருந்தன. பின்புறம் தகடு வைத்து மூடவில்லை. அது என் அதிர்ஷ்டம். கைப்பையிலிருந்து மளிகைச் சீட்டை எடுத்து, எழுதாத பக்கத்தில் புரூச்சைக் குப்புற வைத்தேன். சிறுவயதில் பட்டறைக்கு யாரோ கொண்டுவந்த துரை வீட்டுத் தோடு ஒன்றை அப்பா இப்படித்தான் வெள்ளைத்தாளில் கவிழ்த்துவைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று பார்த்ததையே இன்றும் பார்த்தேன். பச்சைக்கல்லின் விளிம்பைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம்.

இது இரட்டைக்கல். மேலே சீவல் போல ஒரு கார்னெட், கோமேதகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த சிவப்புக் கல். அதன் அடியில் பச்சைக் கண்ணாடியை உருக்கி ஒட்டிவிட்டு, பிறகு பட்டை தீட்டுவார்கள். நடுவே பசை இல்லை, கண்ணாடி தானே கார்னெட்டைப் பிடித்துக்கொள்ளும். வெறும் கண்ணாடி சீக்கிரம் கீறல் விழும். மேலே கார்னெட் இருந்தால் விழாது. சீவல் மிக மெல்லியது என்பதால் நேராகப் பார்க்கும்போது அதன் சிவப்பு தெரியாது, அடியிலிருக்கும் கண்ணாடியின் பச்சைதான் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்த வேலை ஐரோப்பாவில் ஏராளமாக நடந்தது. லென்ஸில் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடும், அதையொட்டிப் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகளும் தெரிந்தன.

பெரியவர் முதலில், "வெளிச்சம் பட்டால் அப்படித்தான் தெரியும் அம்மா" என்றார். நான் லென்ஸை அவரிடம் கொடுத்தேன். பேரனைக் கூப்பிட்டு மேசை விளக்கைப் போடச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். "நாற்பது வருடமாக இதை மரகதம் என்றுதான் வைத்திருக்கிறேன்" என்றார். நடித்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. பிறகு தன் வித்தை ஒன்றைக் காட்டினார். இன்னொரு இழுப்பறையிலிருந்து கட்டில்லாத பச்சைக்கல் ஒன்றை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டு, பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் நிறமில்லாமல் மறைந்துபோய், நடுவில் ஒரு பச்சைக் கோடு மட்டும் தண்ணீரில் நின்றது. இரண்டு நிறமற்ற படிகத் துண்டுகளுக்கு நடுவே பச்சைச் சாயம் வைத்து ஒட்டிய கல். என் அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் எனக்கும் காட்டியிருப்பார். நாற்பது வருடக் கடையில் நான் கற்றுக்கொள்ளவும் ஒன்று இருந்தது.

கடைசியாக, 'எகிப்திய'. என் தம்பி மகளுக்கு முகம் வாடிவிட்டது. அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். துட்டன்காமனின் நகைகளில் பச்சை உண்டு, நீலப்பச்சை உண்டு. ஆனால் அவை டர்க்காய்ஸ், அமேசனைட் என்ற வேறு கற்கள், வண்ணக் கண்ணாடி. மரகதம் இல்லை. பச்சை அவர்களுக்குத் துளிர்ப்பின் நிறம், செத்த பிறகு மறுபடி எழுவதன் நிறம். எந்தக் கல்லில் அந்த நிறம் இருந்தாலும் அவர்களுக்குப் போதும். எகிப்தில் மரகதச் சுரங்கங்கள் இருந்தது நிஜம். செங்கடலுக்குப் பக்கத்துப் பாலைவனத்தில், சிகைத் என்ற இடத்தில். ஆனால் அவை துட்டன்காமனுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிற்பட்ட டாலமி அரசர்கள், ரோமர்கள் காலத்தில் நடந்தவை. ரோமர்கள் அந்த மலையை மோன்ஸ் ஸ்மராக்டுஸ் என்றார்கள். நம் 'மரகதம்' அந்தச் சொல்லுக்கு உறவுதான்.

மரகதமும் பெரில் என்ற கனிமம்தான். கொஞ்சம் குரோமியமோ வனேடியமோ கலந்தால் பச்சையாகிறது. அதே பெரிலின் நீல வகை எங்கள் காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் கிடைத்தது. மலையடிவாரத்தில் கொங்கு நாட்டில் ரோமானியக் காசுகள் தோண்டத் தோண்டக் கிடைப்பதற்கு இந்த மாதிரிக் கற்கள் ஒரு காரணம். அப்பாவின் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவளுக்கு எகிப்து அவ்வளவு தூரமில்லை.

அப்படியானால் இந்த புரூச் குன்னூருக்கு எப்படி வந்தது? கால்வாய் திறந்த பிறகு இங்கிலாந்திலிருந்து வந்த கப்பல்கள் போர்ட் சைது துறைமுகத்தில் நிலக்கரி ஏற்ற நிற்கும். பயணிகள் இறங்கி சைமன் ஆர்ட்ஸ் கடையில் தொப்பியும் வண்டுப் பதக்கமும் வாங்குவார்கள். இதைப் போட்டுக்கொண்டு வந்த அம்மாள் எகிப்தை அந்தச் சில மணி நேரம்தான் பார்த்திருப்பார். நகையோ பர்மிங்காமில் பிறந்தது. கல்லில் பாதி கார்னெட், பாதி கண்ணாடி.

இத்தனையும் தெரிந்த பிறகு அதை வாங்கினேன். ஏன் என்று தம்பி கேட்டான். வேலைக்காக. ஃபரோவின் மூக்கு அரிசிமணி அளவு இருக்கும், அதற்கும் நாசித்துவாரம் வெட்டியிருக்கிறான் அந்த ஆசாரி. எனாமல் ஒரு கட்டத்திலும் பெயரவில்லை. தாமரைக் காம்புகள் பின்பக்கம்கூடச் சுத்தமாக அரம் போட்டு முடிக்கப்பட்டிருக்கின்றன. யாரும் பார்க்காத பின்பக்கத்தை இப்படி முடித்தவன் கையை என் அப்பா மெச்சியிருப்பார். மொத்த எடை 7 கிராம். கல்லும் எனாமலும் போகத் தங்கம் 6 கிராம் இருக்கும். அதில் சுத்தத் தங்கம் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பெரியவர் 70,000 ரூபாய்க்கு இறங்கினார். தங்கக் கணக்கு மட்டும் பார்ப்பவர்கள் வாங்க வேண்டாம். நான் பில்லில் "15 காரட் தங்கம், கார்னெட்-கண்ணாடி இரட்டைக்கல்" என்று எழுதிக் கேட்டேன். முகம் சுளிக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்தக் கடையைப் பற்றி நான் நல்லது சொல்வதற்கு முதல் காரணம் அந்த பில்.

மற்றவை சுருக்கமாக. ஒரு 18 காரட் மோதிரத்தில் உண்மையான மரகதம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். உள்ளே பாசி படர்ந்த மாதிரிக் கீற்றுகள், ஒரு மூலையில் சிறு உடைப்பு. 1,80,000 ரூபாய் சொல்கிறார், ஆய்வகச் சான்று இல்லை. சான்று இல்லாமல் அந்த விலைக்கு என் விரல் நீளாது. பழைய மரகதங்களில் விரிசல் தெரியாமல் இருக்க எண்ணெய் ஊற வைத்திருப்பார்கள். ஆகவே யார் வாங்கினாலும் அல்ட்ராசோனிக் இயந்திரத்திலோ சுடுநீரிலோ போட்டுச் சுத்தம் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். பின்தகடு இல்லாத எனாமல் இறக்கை வைத்த வெள்ளி வண்டு ஒன்று 14,000 ரூபாய். வெளிச்சத்தில் பிடித்தால் இறக்கை ஜன்னல் கண்ணாடி மாதிரி ஒளிர்கிறது. ஒரு கட்டத்தில் எனாமல் உதிர்ந்திருக்கிறது, அதை அவரே முதலில் காட்டினார்.

என் பெரிய குறை மூன்றாவது இழுப்பறை. சாயம் ஏற்றிய பச்சை ஓனிக்ஸ் வைத்த புது வெள்ளித் தோடுகள், பின்பக்கம் 925 என்று பளிச்சென்று முத்திரை, அச்சில் வார்த்த பிசிறுகூடப் போகவில்லை. அவற்றைப் பழைய நகைகளோடு கலந்து வைத்திருக்கிறார். கேட்டால், "புதிது என்று கேட்டவர்களுக்குச் சொல்வேன் அம்மா" என்கிறார். கேட்காதவர்களுக்கு?

இன்னொன்று, வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உங்கள் இஷ்டத்துக்கு நாட்டுக்கு வெளியே எடுத்துப்போக முடியாது. இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. எங்கள் பெண் பெங்களூருக்குத்தான் போகிறாள், கவலை இல்லை.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. வாசலில் வண்டி நிறுத்த இடம் இல்லை, ஏழு படி ஏற வேண்டும், கைப்பிடி கிடையாது. ஏலக்காய் போட்ட தேநீரும் வர்க்கியும் வருகின்றன. வாங்காமல் எழுந்தாலும் முகம் மாறவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கொக்கிக்குப் பாதுகாப்புச் சங்கிலி ஒன்று பிடிக்க மறுபடி போனேன். கூலி வாங்க மறுத்துவிட்டார். மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் புதிதாக இருந்தது. முதல் இழுப்பறையில் இரண்டு சீட்டுகளில் 'மரகதம்' அடிக்கப்பட்டு, அதே அழகான கையெழுத்தில் 'பச்சைக்கல்' என்று எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது இழுப்பறை மட்டும் அப்படியே இருந்தது.