மூத்தோருடன் சொகுசுக் கப்பலில்: பல ஆண்டுப் பயணங்களில் கண்டறிந்தவை

கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கும் எங்கள் வீட்டில் எண்பது வயதை நெருங்கும் அம்மா, முழங்கால் தேய்மானத்தால் படியேற முடியாத பெரியம்மா, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் என மூன்று தலைமுறையினர் இருக்கிறோம். எல்லாரும் சேர்ந்து விடுமுறைக்குச் செல்வதற்கு விமானம், பேருந்து, தங்குவிடுதி எனப் பலவற்றையும் பார்த்த பிறகு, மலாக்கா நீரிணையில் மூன்று அல்லது நான்கு இரவுகள் செல்லும் சொகுசுக் கப்பல் பயணத்தையே பல ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வருகிறோம். பெட்டியை ஒரே முறை பிரித்து அடுக்கினால் போதும். உணவுக்கூடம், அரங்கம், மருத்துவர் எல்லாம் மின்தூக்கி தூரத்தில் இருக்கும். களைத்துப்போனவர் அறைக்குத் திரும்பிப் படுத்துக்கொள்ள, மற்றவர்கள் தங்கள் பொழுதைத் தொடரலாம். வயதானவர்களோடு செல்லும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான விடுமுறை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆயினும், அந்தப் பயணம் இனிமையாக அமைவதும் அலைச்சலாக முடிவதும் கப்பலில் ஏறுவதற்கு முன்பே, கரையில் நாம் செய்யும் ஏற்பாடுகளில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

முதலில் எந்தத் துறைமுகத்தில் ஏறுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். நம் வட்டாரக் கப்பல்களில் பல சிங்கப்பூரிலிருந்து புறப்படுகின்றன. சில பயணங்களில் போர்ட் கிள்ளானிலோ பினாங்கிலோ ஏறி அங்கேயே இறங்கும் வசதியும் தரப்படுகிறது. கோலாலம்பூர்வாசிகளுக்குக் கிள்ளான் பக்கம்தான் என்றாலும், கப்பல் முனையம் இருப்பது புலாவ் இண்டா தீவில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கொமுட்டர் ரயில் சென்று நிற்கும் பெலாபுஹான் கிள்ளான் நிலையத்திலிருந்து முனையத்துக்கு நடந்து செல்ல இயலாது. பாலத்தைக் கடந்து சாலை வழியாகத்தான் செல்ல வேண்டும். ஆகவே, சக்கர நாற்காலியும் பெட்டிகளும் உள்ள குடும்பத்தினர் வீட்டு வாசலிலிருந்தே ஒரு வேனை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. திரும்பி வரும் நாளுக்கும் அதே ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது இன்னும் நல்லது, ஏனெனில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்கும்போது கிராப் செயலி வழி வாடகைக் கார் கிடைப்பது அரிது. சிங்கப்பூரில் ஏறுவதாக இருந்தால், அங்கே ஹார்பர்ஃபிரண்ட், மரினா பே என இரண்டு முனையங்கள் இருப்பதால், பயணச்சீட்டில் எது குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாருடைய கடப்பிதழும் குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் வருகை அட்டையை வந்துசேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே மாதம் முதல் மின்னிலக்க வருகை அட்டையைக் கேட்கிறது என்பதால், அதைப் பயணிகள் நிரப்ப வேண்டுமா, கப்பல் நிறுவனமே கவனித்துக்கொள்ளுமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடலாம். சில கப்பல்களில் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் திருப்பித் தருவார்கள். ஆகவே நகல் ஒன்றைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

அறையைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் நான் மிகுந்த நேரம் செலவிடுகிறேன். பலர் மேல்தளத்து மாடமுள்ள அறையே சிறந்தது என்று எண்ணுகிறார்கள். கப்பலின் ஆட்டம் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும்தான் மிகக் குறைவாக உணரப்படும். முன்முனையிலும் பின்முனையிலும் மேல்தளங்களிலும் அது கூடும். தலைசுற்றலுக்கு அஞ்சும் முதியவருக்கு, சற்றுக் கீழே, நடுவில், மின்தூக்கிக்கு அருகில் உள்ள அறையே ஏற்றது. அதே வேளையில், அந்த அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று கப்பலின் தள வரைபடத்தில் பார்க்க வேண்டும். உணவுக்கூடத்துக்கு நேர் கீழே இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்கும். அரங்கத்துக்கு மேலே இருந்தால் நள்ளிரவு வரை இசை அதிரும். சூதாட்டக்கூடத்துக்கு அருகில் என்றால் சிகரெட் புகை நடைவழி வரை வரும். மேலும் கீழும் பயணிகள் அறைகளே அமைந்த தளம்தான் அமைதியானது. சாதாரண அறைகளின் கதவு குறுகலாகவும் குளியலறை வாசல் சற்று உயரமாகவும் இருக்கும் என்பதால், சக்கர நாற்காலியிலேயே உள்ளே சென்று வர வேண்டியவர்களுக்கு அதற்கென வடிவமைத்த அறை தேவை. அத்தகைய அறைகள் எந்தக் கப்பலிலும் குறைவு. பள்ளி விடுமுறைக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அவை மிக விரைவில் முடிந்துவிடும். முனையத்தில் ஏறவும் இறங்கவும் கப்பலே சக்கர நாற்காலி தரும். பயணம் முழுவதும் பயன்படுத்த நம்முடையதைத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

கடலைப் பற்றிய அச்சமும் தவிர்க்கக்கூடியதே. ஒருபுறம் தீபகற்பமும் மறுபுறம் சுமத்திராவும் அரணாக இருப்பதால் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். விடியலுக்கு முன் சுமத்திரா பக்கத்திலிருந்து திடீரென வீசும் புயற்காற்றும் மழையும் நீண்ட நேரம் நீடிப்பதில்லை. வடக்கே சென்று தாய்லாந்தின் புக்கெட் தீவை ஒட்டிய அந்தமான் கடலை அடைந்ததும் நிலைமை மாறுகிறது. மே முதல் அக்டோபர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே அலை ஓங்கியிருக்கும். முதியோருடன் முதன்முறை செல்பவர்கள் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு விழுங்குவதில் பெரிய பயன் இல்லை. முன்கூட்டியே எடுக்க வேண்டும். அந்த மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தருபவை. தடுமாறி விழும் ஆபத்துள்ள முதியவருக்கு அவற்றைக் கொடுக்கலாமா என்பதைக் குடும்ப மருத்துவரிடம் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். அம்மாவுக்கு நாங்கள் இஞ்சி மிட்டாயும் வயிறு நிறையாத சிற்றுணவும்தான் கொடுக்கிறோம்.

மருந்துகளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முனையத்தில் நாம் ஒப்படைக்கும் பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். அதனால் பயண நாள்களுக்கும் கூடுதலாக இரண்டு மூன்று நாளுக்கும் தேவையான மருந்துகள், மருத்துவரின் சீட்டு, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்னும் திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். அறையிலுள்ள சிறு குளிர்ப்பெட்டி பானங்களைக் குளிர வைக்குமே தவிர, அந்த வெப்பநிலைக்கு உறுதி தராது. கப்பலின் மருத்துவப் பிரிவில் சொன்னால் பாதுகாத்து வைத்துத் தருவார்கள். அந்த மருத்துவப் பிரிவு தனியார் மருத்துவமனையைப் போலக் கட்டணம் வசூலிக்கும். கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தால் செலவு பல மடங்காகும். கப்பலில் பெறும் சிகிச்சையையும் அவசர வெளியேற்றத்தையும், ஏற்கெனவே உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோய்களையும் உள்ளடக்கும் பயணக் காப்புறுதி இல்லாமல் முதியவரை அழைத்துச் செல்லவே கூடாது.

உணவு எங்கள் குடும்பத்தில் பெரிய விஷயம். பெரியம்மா சுத்த சைவம். அம்மா செவ்வாய், வெள்ளிகளில் மட்டும் சைவம். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறையப் பேர் வருவதால் சைவ உணவுக்குப் பஞ்சமில்லை; இருப்பினும் கிடைப்பதில் பெரும்பகுதி வட இந்தியச் சமையல். பன்னீரும் நாணும் மூன்று நாள் தொடர்ந்தால் நம் முதியவர்களின் வயிறு தாங்காது. பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுத்தில் தெரிவித்து, ஏறிய அன்று மாலையே உணவகத் தலைமைப் பணியாளரைச் சந்தித்து, நாளைக்குத் தயிர் சாதமோ கஞ்சியோ கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டால், பெரும்பாலும் செய்து தருகிறார்கள். அவர்களில் தமிழ்நாட்டவரும் கேரளத்தவரும் இருப்பதுண்டு. அம்மாவின் தமிழைக் கேட்டதும் ஒருவர் தினமும் ரசம் கொண்டுவந்து வைத்ததை நாங்கள் நன்றியோடு நினைத்துக்கொள்கிறோம்.

வீட்டில் சமைத்த உணவைப் பொதுவாகக் கப்பலுக்குள் அனுமதிப்பதில்லை. கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத முறுக்கு, ஊறுகாய் போன்றவற்றைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்கின்றன. மின் சோற்றுப் பானை, மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி ஆகியவை பரிசோதனையிலேயே எடுத்து வைக்கப்படும். ஊதுவத்தி, சூடம், விளக்கு ஆகியவற்றுக்கும் இதே விதிதான். கடலின் நடுவே தீ என்பது மிகக் கொடிய ஆபத்து. இந்த விதியில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. அம்மா ஒரு சிறு சாமி படத்தையும் விபூதியையும் மட்டும் எடுத்து வருகிறார்.

உணவுக்கூடத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கை கழுவுவதைப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். கப்பல்களில் வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸுக்குக் கைத்தூய்மி திரவம் போதுமான தடையாவதில்லை.

ஏறிய உடனே எல்லாரும் பசியாற விரைவதால் மின்தூக்கிகளும் உணவுக்கூடமும் நெரிசலாகிவிடும். நாங்கள் அந்த நேரத்தில் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுகிறோம். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்தா கொன்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடத்தப்பட்டிருக்கவில்லை. அதன் பிறகே, கப்பல் புறப்படுவதற்கு முன் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடத்தப்பட வேண்டும் என்று அனைத்துலக விதி திருத்தப்பட்டது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் அபாய அறிவிப்பு என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். நெருக்கடியில் மின்தூக்கியை நம்ப முடியாது. நடக்க இயலாதவர் எந்த அறையில் இருக்கிறார் என்பதை அன்றே வரவேற்பு முகப்பில் பதிவு செய்துவிட வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, பயணக் கட்டணத்துக்கு மேல் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் சேவைக் கட்டணம் சேரும் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும். கப்பலுக்குள் மலேசிய ரிங்கிட்டில் செலவு செய்ய முடியாத பயணங்களே அதிகம். சிங்கப்பூர் டாலரிலோ அமெரிக்க டாலரிலோ கணக்கு ஓடும். டெபிட் கார்டைக் கொடுத்தால் முன்பணமாக நிறுத்தி வைக்கப்படும் தொகை வங்கிக்குத் திரும்பப் பல நாள் ஆகலாம் என்பதால் கிரெடிட் கார்டே வசதி. கைப்பேசியைப் புறப்படும்போதே விமான நிலைக்கு மாற்றிவிட வேண்டும். கப்பலின் கடல்வழித் தொடர்புக்குத் தானாக இணைந்துகொண்டால் கட்டணம் மிக அதிகம்.

பினாங்கில் இறங்கும் நாள்தான் எங்கள் வீட்டில் அனைவருக்கும் பிடித்த நாள். பெரிய கப்பல்கள் பாலத்தின் பக்கம் வராமல், வடக்கு வாய்க்கால் வழியாக, 1883ஆம் ஆண்டின் முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்தையும் பத்து ஃபெரிங்கி கடற்கரையையும் கடந்து பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுனை நெருங்குகின்றன. அந்த நேரத்தில் தீவு கப்பலின் வலப்புறம் தெரியும். ஆகவே வலப்பக்கத் தளத்தில் முன்கூட்டியே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். பெரியம்மா சிறுமியாக நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். 1926இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்றழைக்கப்பட்ட போர்ட் கிள்ளான், சிங்கப்பூர் எனப் பல்லாண்டுகள் ஓடிய கப்பல் அது. இத்தகைய நினைவுகள் உள்ள முதியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அந்தத் தளத்தில் அமர வைத்துப் பேச விடுவதைவிட, அந்தப் பொழுதில் செய்ய வேண்டிய வேலை வேறு எதுவும் இல்லை.

ஜோர்ஜ்டவுனில் உள்ள சுவெட்டன்ஹாம் துறைமேடையில் கப்பல் நேரடியாகக் கட்டப்படுவதால் சக்கர நாற்காலியோடு இறங்குவது எளிது. வாசலை விட்டு வெளியே வந்ததும் விக்டோரியா மகாராணி மணிக்கூண்டு. அங்கிருந்து லிட்டில் இந்தியா நடை தூரமே. குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்குக் காலையிலேயே சென்றுவிட வேண்டும், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை ஏற்ற இறக்கமாக இருப்பதால் சக்கர நாற்காலியைத் தள்ளுவது கடினம். முதியவர்களுக்கு டிரைஷா எனும் மிதிவண்டி ரிக்‌ஷாவோ வாடகைக் காரோ சிறந்தது.

புக்கெட் அப்படியன்று. பத்தோங் விரிகுடாவில் கப்பல் நங்கூரமிட்டு, சிறு படகில் பயணிகளைக் கரைக்கு அனுப்பும்போது, ஆடும் படகில் கால் வைக்க முடியாதவர்களை இறக்க மாட்டார்கள். அந்த நாளில் முதியவர்களுடன் ஒருவர் கப்பலிலேயே தங்குவதாக முன்பே திட்டமிட்டால் யாருக்கும் ஏமாற்றம் இராது. கூட்டமில்லாத நீச்சல் குளமும் அரங்கமும் அன்று அவர்களுக்கே. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று அறிவிப்பைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்த பிறகே இறங்க வேண்டும்.

உடையைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. சிறப்பு விருந்து இரவுக்குப் பட்டுப் புடவையும் வேட்டியும் நீண்ட கை பாத்தேக் சட்டையும் எங்கும் மதிப்போடு ஏற்கப்படுகின்றன. அரங்கத்தில் குளிர் கடுமையாக இருக்கும். சால்வையும் காலுறையும் வேண்டும்.

கடைசி இரவில் பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலைக்கான மருந்து, கண்ணாடி, செருப்பு, கடப்பிதழ் ஆகியவை அந்தப் பெட்டிகளுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றிரவே கணக்கு விவரத்தை வாங்கிச் சரிபார்த்தால், வரவேற்பு முகப்பில் காலை வரிசையில் நிற்கும் தேவை இராது. சக்கர நாற்காலியில் இறங்குவோருக்குத் தனி நேரம் ஒதுக்குவார்கள். அதை முதல்நாளே கேட்டு, வேன் ஓட்டுநருக்கும் தெரிவித்துவிடலாம்.