கடலூர் வீட்டுக் கொல்லையில் டர்ஃப் போட்ட அனுபவம்

இந்த முறை ஜூன் விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போதே ஒரு வேலையை முடிவு செய்துவிட்டோம். திருப்பாப்புலியூர் வீட்டில் பழைய மாட்டுக்கொட்டகையைப் பிரித்த பிறகு கொல்லை 50 அடிக்கு 25 அடி சும்மா கிடந்தது. தம்பி பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் விளையாட அங்கே டர்ஃப் எனும் செயற்கைப் புல் போட்டு, சுற்றி வலை கட்ட வேண்டும். என்னைப் போல் குறுகிய லீவில் வந்து செய்ய நினைப்பவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். முதல் இருவரும் போனிலேயே புல்லின் அழகைப் பாடினார்கள். அதில் ஒருவர் சிங்கப்பூர் என்று காதில் விழுந்ததும் "இம்போர்ட்டட் போட்டுடலாம் சார்" என்று ஒரு விலை சொன்னார். மறுநாள் தம்பி தன் பெயரில் கேட்டபோது அதே சரக்கின் விலை இறங்கியிருந்தது. பேரத்தை உள்ளூர்க்காரரிடம் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான். மூன்றாமவர் புதுச்சேரியிலிருந்து நேரில் வந்தார். கொல்லையை ஒரு சுற்று சுற்றிவிட்டு அவர் கேட்டது, "மழைத் தண்ணி எந்தப் பக்கமா போகும் சார்?" அப்பாவுக்கு அந்தக் கேள்வியிலேயே ஆளைப் பிடித்துவிட்டது.

பிடிக்காதா பின்னே! 2011 தானே புயலையும் 2024 ஃபெஞ்சலையும் பார்த்த ஊர் இது. சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்த அந்த டிசம்பரில், எங்கள் கொல்லையில் நின்ற தண்ணீர் வடியவே நாளாயிற்று. அந்த மண்ணின் மேல் நேராகப் புல்லை விரித்தால் முதல் ஐப்பசியிலேயே பள்ளமும் மேடுமாகிவிடும்.

அதனால் செலவில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் போனது. மேல்மண்ணை வழித்து எடுத்து, ஆறு அங்குலத்துக்கு ஜல்லி, அதன் மேல் கிரஷர் தூள். கெட்டிக்கும்போது அமுங்கும் என்பதால் ஜல்லி மட்டும் ஏழரை யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) ஆனது. டிப்பர் எங்கள் சந்துக்குள் நுழையாது. முனையில் கொட்டி குட்டியானையில் நடை நடையாக அடித்தார்கள், அதற்குக் கூலி தனி. கொட்டேஷனில் இந்த வரி இருக்காது, கேட்டு எழுதி வாங்குங்கள். தண்ணீர் ஓட வைக்கும் சரிவு, அதாவது வாட்டம், நூற்றுக்கு ஒன்று, 25 அடி அகலத்துக்கு மூன்று அங்குலம். மேஸ்திரி டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து ஆணி அடித்தார். தளம் கெட்டித்த பிறகு, "ஒரு குடம் தண்ணி ஊத்துங்கம்மா" என்று அம்மாவையே ஊற்றச் சொன்னார். தண்ணீர் மூலையில் வெட்டிய வாய்க்காலைப் பார்த்து ஓடியது. ஓரிடத்தில் மட்டும் தட்டு அளவுக்குத் தேங்கியது. அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி தூள் போட்டு இடித்த பிறகுதான் புல் சுருளைப் பிரிக்கவே விட்டார்.

புல் இழையின் உயரம் 50 மில்லிமீட்டர் வேண்டாம், டென்னிஸ் பால் எழும்பாது என்று 40-ஐ எடுத்தோம். சுருளின் அகலத்தைக் கேளுங்கள். எங்கள் 25 அடிக்கு 4 மீட்டர் சுருள் இரண்டு போதும், நடுவில் ஒரே ஒரு இணைப்பு. 2 மீட்டர் சுருள் என்றால் நான்கு, இணைப்பு மூன்று. எப்படி எடுத்தாலும் 62 சதுர அடி வெட்டுத்துண்டாகப் போகும், அதற்கும் காசு உண்டா என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். இரண்டு சுருளிலும் புல் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி கோர்ட் வேறு நிறமாகத் தெரியும். இணைப்பில் இரண்டு விளிம்பையும் மடக்கி, கீழே டேப்பை விரித்து, பல்வைத்த தகட்டால் பசையை இழுத்தார்கள். பிறகு ஒரு பையன் குப்புறப் படுத்து, பசையில் ஒரு இழைகூட மாட்டாமல் விரலால் விலக்கி விலக்கி விளிம்புகளைச் சேர்த்தான். வெயிலில் பசை சீக்கிரம் இறுகிவிடும் என்று இந்த வேலையை விடிகாலையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

புல் இழைகளுக்கு நடுவே தூவும் மணல் விஷயத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். சில்வர் பீச் பக்கத்திலேயே இருக்கும்போது மணலுக்கு எதற்குக் காசு என்றார் பக்கத்து வீட்டு மாமா. கடல்மணலை அள்ளக் கூடாது என்பது ஒருபுறம், அதில் உப்பும் கிளிஞ்சலும் வேறு. கழுவிக் காய்ந்த சிலிகா மணல் மூட்டையில் வந்தது. அதைத் தூவி, முரட்டுத் துடைப்பத்தால் எதிர்ப்பக்கமாகப் பெருக்கிப் பெருக்கி இழைகளை நிமிர்த்தினார்கள். மணலோடு சிலர் தூவும் ரப்பர் குருணை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் போட்ட விதிப்படி 2031-க்குப் பிறகு அங்கே அதை விற்க முடியாது, நாம் ஏன் புதிதாக வாங்கிப் போட வேண்டும்?

மத்தியானத்தில் இந்தப் புல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. தண்ணீர் தெளித்தாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். நாலரைக்கு மேல்தான் ஆட்டம் என்று அம்மா சட்டம் போட்டுவிட்டார். வலைக்கு நட்ட ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் வெல்டிங் வைத்த இடங்களில் சிங்க் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள், உப்புக்காற்றில் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

பணம் கொடுப்பது முன்னைவிட எளிது. என்ஆர்இ கணக்கோடு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) இணைத்த சிங்கப்பூர் எண்ணிலேயே யுபிஐ வேலை செய்தது (உங்கள் வங்கி அனுமதிக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்). வாரண்டி தாளை வாசித்தபோது நிறம் மங்காது என்பதற்கு மட்டுமே உத்தரவாதம் இருந்தது, இணைப்பைப் பற்றியும் தளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அதனால் பத்து சதவீதத்தை நிறுத்திவைத்து, ஒரு பெருமழை பார்த்த பிறகு தம்பி தருவான் என்று பேசினோம். ஒப்பந்தக்காரர் கொஞ்சம் முனகினார். அப்புறம், "சரி சார், கார்த்திகைக்கு நானே வந்து பாத்துட்டு வாங்கிக்கறேன்" என்று பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.