தோட்டத்து மருந்துக்குப் பூட்டுப்பெட்டி: ஐந்துக்கு மூன்று

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு எட்டுப் பரப்பு வெங்காயத் தோட்டம். பூச்சிமருந்துப் போத்தல்கள் இவ்வளவு காலமும் கிணற்றடிக் கொட்டிலில் உரப்பைகளுக்குப் பின்னால் கிடந்தன. போன புரட்டாசியில் ஒரு வெல்டிங் கடையில் சொல்லி இரும்புப்பெட்டி செய்வித்தோம். மூன்றடி நீளம், நாலு கால், ஆமைப்பூட்டு மாட்ட வளையம். 9,500 ரூபா. தகடு நல்ல தடிப்பு. மாரி முழுக்க நின்றும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. பிணைச்சல்தான் மோசம். இரண்டு மாதத்தில் கறள் பிடித்து, திறந்தால் பூனை மாதிரிக் கத்துகிறது.

பெரிய குறை எங்களுடையது. திறப்பைக் குசினிக் கலண்டர் ஆணியில் தொங்கவிட்டிருந்தோம். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக்கு இப்படிப் பெட்டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. நஞ்சு குடித்தவர்களின் தொகையில் கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் வித்தியாசம் இல்லையாம். அந்த ஆணியைப் பார்த்த எனக்கு அது ஆச்சரியமில்லை. நாட்டில் தற்கொலைச் சாவைக் குறைத்தது கடும் நஞ்சான பூச்சிமருந்துகளுக்கு வந்த தடை. 1995 அளவில் லட்சம் பேரில் 47 பேர் தற்கொலையால் போனார்கள். பத்து வருடத்தில் அது பாதியானது.

பிறகு ஏன் வாங்கினேன்? என் தம்பி. 1999இல், 19 வயதில், உயிரை விடப் பார்த்தவன். பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தான். "ஒருக்காச் செய்தவன் திரும்பவும் செய்வான்" என்று சனம் எங்கள் காதுபடவே சொன்னது. அம்மா ஒரு வருடம் அவன் பாயோடு பாய் போட்டுப் படுத்தா. முதல் வருடம் கவனம் தேவைதான். ஆனால் தப்பியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிறகு தற்கொலையால் சாவதில்லை. அதை அன்றைக்கு அம்மாவுக்குச் சொல்ல ஒருத்தரும் இருக்கவில்லை. இப்போது அவனுக்கு வழுக்கை, இரண்டு பிள்ளைகள், மகளை ஓ.எல். டியூசனுக்கு ஏற்றி இறக்கவே நேரம் சரி.

மூடியில் 1926 என்று பெரிதாகப் பெயின்ற் அடித்திருக்கிறேன். இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி இலக்கம். இரவு பகல் எந்நேரமும் தமிழில் கதைக்கலாம்.

போன கிழமை பிணைச்சலுக்கு எண்ணெய் விட வந்த தம்பி, ஆணியில் கிடந்த திறப்பை எடுத்து என் கையில் வைத்தான். "அக்கா, இதை உங்கட பேர்சுக்குள்ள வையுங்கோ. என்ர பிள்ளையளும் இஞ்சதானே ஓடித் திரியுறவை."