கல்லறைக் கலமா, கடையில் வாங்கிய கலமா?

மெக்சிகோவின் ஓவாஹாகாவில் சபோடெக் மக்கள் வனைந்த உருவக் கலங்கள் அருங்காட்சியகங்களுக்கு இரு வழிகளில் வந்தன.

பழைய சபோடெக் நகரமான மோன்டே அல்பானின் 104ஆம் கல்லறை வாசலுக்கு மேலே மாடத்தில் அமர்ந்திருந்த கலம் ஒரு வகை. 1930களில் அல்போன்சோ காசோ நடத்திய அகழாய்வில் கிடைத்தது. எந்த இடத்தில், எதைப் பார்த்தபடி இருந்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது. இத்தகைய கலங்களில் மழைக்கடவுள் கொசிஹோவின் பிளவுபட்ட நாக்கைப் பார்த்துவிட்டு, பின்புறம் போய் நில்லுங்கள்: உருவத்தின் முதுகோடு ஒட்டிய வெறும் உருளைக் குவளை! ஈமத்தாழி என்று பெயர். ஆனால் பெரும்பாலானவற்றில் சாம்பல் இருந்ததில்லை.

மற்றவை வியாபாரிகளிடம் வாங்கியவை. அலங்காரத்தில் குறையே இல்லை. ஆனால் களிமண் எப்போது சுடப்பட்டது என்று கணிக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனையில் பல, நவீனப் போலிகள் என்று தெரிந்தது. விரலளவு உடைந்த துண்டானாலும், மண்ணில் கிடந்த இடம் தெரிந்ததையே நான் தேடிப் போவேன்.