லூகரா, வால்தர் பி.38ஆ: முதல் துப்பாக்கி எது?

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் கைத்துப்பாக்கிகளைச் சேகரிக்கத் தொடங்குகிறவர் முதலில் கேட்பது லூகரைத்தான். அந்தச் சாய்ந்த பிடியும், சுடும்போது மேல்நோக்கி மடங்கி எழும் மூட்டும் பார்த்தவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஜெர்மன்காரர்களே அதை முழங்கால் மூட்டு என்றுதான் சொல்கிறார்கள். அதே மேசையில் குறைந்த விலைக்கு வால்தர் பி.38 ஒன்று இருக்கும். பலர் அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு நான் பி.38ஐத்தான் சொல்வேன்.

இரண்டும் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவைச் சுடுபவை, இரண்டின் மேகசினிலும் எட்டுத் தோட்டா. லூகரை ஜெர்மன் தரைப்படை 1908இல் ஏற்றது, பி.08 என்ற பெயர் அதனால் வந்தது. அழகாகச் செய்யப்பட்ட ஆயுதம்தான், ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் கடைந்து, அரம் போட்டுப் பொருத்த வேண்டும். போருக்குத் தயாரான படைக்கு அந்த நேரமும் செலவும் கட்டுப்படியாகவில்லை. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் பி.38.

கையால் பொருத்தியதால்தான் லூகரின் மதிப்பு அதன் எண்களில் இருக்கிறது. முழு வரிசை எண், துப்பாக்கியின் உடற்சட்டமான ஃப்ரேமின் முன்பக்கத்திலும் குழலிலும் இருக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் விசை, பக்கத் தகடு, பாதுகாப்பு நெம்பு, மூட்டின் பாகங்கள் என்று சின்னச் சின்ன உறுப்புகளில் எல்லாம் குத்தப்பட்டிருக்கும். ஒன்று மாறினாலும் விலை சரியும். குழலோ மூட்டோ மாறியிருந்தால் பாதிக்குக்கூட இறங்கிவிடும். துப்பாக்கியோடு இரண்டு மேகசின் கொடுத்தார்கள், இரண்டிலும் அதே எண் இருக்கும், இரண்டாவதில் கூடுதலாக ஒரு கூட்டல் குறி. இரண்டும் பொருந்தி வந்தால் அது அபூர்வம், அதற்கேற்ற விலையும் உண்டு. எண்ணுக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே எண் வேறு வேறு எழுத்தோடு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

அப்புறம் ஆண்டு. 1930இலிருந்து லூகரைச் செய்தது ஓபர்ன்டோர்ஃபில் இருந்த மவுசர் ஆலை. மூட்டின் மேல் முதலில் எஸ்/42 என்றும், பிறகு 42 என்றும், கடைசியில் பிஒய்எஃப் என்றும் குறியீடு போட்டார்கள். ஆண்டு, தோட்டா அமரும் அறையின் மேல் இருக்கும். 1934க்குக் கே, 1935க்கு ஜி என்று எழுத்தாக மறைத்தார்கள், 1936இலிருந்து வெளிப்படையாகவே எண்.

இங்கேதான் ஏமாற்று வேலையும் நடக்கிறது. மவுசர் 1937 வரை விசை போன்ற சில உறுப்புகளைச் சூடேற்றி வைக்கோல் மஞ்சள் நிறத்தில் விட்டது. அந்த ஆண்டு பூச்சு முறை மாறியதும் அவையும் நீலமாகிவிட்டன. ஆகவே 1940 என்று குறித்த லூகரில் மஞ்சள் விசை மின்னினால், யாரோ பிற்காலத்தில் அழகுபடுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். பளபளப்பான லூகர்களில் பல இப்படி மறுபூச்சு கண்டவை. முத்திரைகளின் ஓரம் மழுங்கித் தெரிந்தால் பூச்சுக்கு முன் தேய்த்திருக்கிறார்கள்.

கருப்பு பேக்கலைட் பிடி போட்ட 1941, 42 லூகர்களைக் 'கருப்பு விதவை' என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். அது போர்க்காலப் பெயரே இல்லை, வியாபாரிகள் பின்னால் வைத்தது. விமானப்படைக்காகக் கிரீக்ஹாஃப் என்ற நிறுவனம் சுமார் 10,000 லூகர் செய்தது. அவை உண்மையிலேயே அரியவை. அதனாலேயே போலியும் அதிகம், புதியவர் தொடவே வேண்டாம்.

சரி, பி.38க்கு வருவோம். இதைப் படிப்பது எளிது, ஏனென்றால் கேள்வி ஒன்றுதான்: எந்த ஆலை, எப்போது? வால்தர், சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகமான ஸ்லைடில் ஏசி என்றும் கூடவே ஆண்டும் போட்டது. மவுசர் 1942 கடைசியில் சேர்ந்தது, குறியீடு பிஒய்எஃப், 1945இல் எஸ்விடபிள்யூ. மூன்றாவது ஆலையான ஸ்பிரீவெர்க்கின் குறியீடு சிஒய்க்யூ. அங்கே ஆண்டு போடவே இல்லை, எண்ணை வைத்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும். படையின் ஆய்வு அடையாளமான கழுகு முத்திரையின் கீழ் வால்தருக்கு 359, மவுசருக்கு 135, ஸ்பிரீவெர்க்குக்கு 88. எண் பொருத்தம் பார்க்க முதலில் ஃப்ரேம், ஸ்லைடு, குழல் மூன்றும் போதும்.

சைபரில் தொடங்கும் எண் கொண்ட ஆரம்பகால வால்தரும், 480 என்ற குறியீடு போட்ட துப்பாக்கியும் விலை உச்சிக்குப் போகும். ஏசி 41இன் பூச்சு கண்ணுக்கு விருந்து. 1944, 45இல் கடைசல் கோடுகள் அப்படியே தெரியும். அந்தக் கரடுமுரடைக் குறையாக எண்ணி வழவழப்பாக்கினால் துப்பாக்கியின் கதையே போய்விடும். அந்தக் கோடுகளுக்குப் பின்னால் மனிதர்களும் இருக்கிறார்கள்: நோயன்காம வதைமுகாம் கைதிகளை வால்தர் நிறுவனம் ஆயுத வேலைக்கு வைத்திருந்தது. இதைச் சேகரிப்பவர் அதைத் தெரிந்துகொண்டுதான் சேகரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எஸ்விடபிள்யூ 45 கிடைத்தால் மட்டும் நின்று பாருங்கள். 1945 ஏப்ரலில் ஓபர்ன்டோர்ஃபைப் பிடித்த பிரெஞ்சுப் படை, அங்கே தன் தேவைக்கு உற்பத்தியைத் தொடர்ந்தது. நட்சத்திர முத்திரை இருந்தால் அது பிரெஞ்சு மேற்பார்வையில் வந்தது.

இரண்டிலும் பெருக்கல் குறி போன்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சோவியத் படை கைப்பற்றி, கிடங்கில் பாகங்களைக் கலந்து மறுபூச்சு போட்டவை அவை. சுட்டுப் பார்க்க நல்லவை, சேகரிப்பு விலை கொடுக்கத் தேவையில்லை. இறக்குமதியாளரின் பெயர் பொறித்திருந்தால், அது அமெரிக்க வீரர் ஒருவர் போர் முடிந்து தன் பையில் கொண்டுவந்தது அல்ல. விற்பவர் எவ்வளவு உருக்கமாகக் கதை சொன்னாலும் சரி.

துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக வீரருக்கு மேலதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதிச் சீட்டு இருந்து, அதில் இதே வரிசை எண்ணும் இருந்தால், அந்தக் காகிதத்துக்குத் தனியாகவே பணம் கொடுக்கலாம். ஒரே விலையில் மறுபூச்சு போட்ட லூகரும், இப்படிச் சீட்டோடும் உறையோடும் எண் பொருந்திய ஏசி 42உம் முன்னால் இருந்தால், நான் ஒரு நொடிகூடத் தயங்காமல் வால்தரை எடுப்பேன்.