இன்ஜின் வேலைக்குப் பிறகு ஐடிலிங் சீராக நிற்காத கார்: 2 வருடம், 26,000 கிலோமீட்டர்

1,80,000 கிலோமீட்டர் ஓடிய என் காரின் இன்ஜினை முழுதாகப் பிரித்து வேலை செய்து இரண்டு வருடம் ஆகிறது. நான்கு சிலிண்டர், 16 வால்வ், 1.3 லிட்டர் பெட்ரோல். ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்ததால் சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது பேரிங், ஹெட் ஃபேஸிங், வால்வ் சீட் கட்டிங், டைமிங் பெல்ட் என்று எதையும் மிச்சம் வைக்காமல் செய்தோம். வண்டி கைக்கு வந்த அன்று இழுவை அருமை. ஆனால் முதல் சிக்னலில் நின்றதுமே ஸ்டியரிங் கையில் நடுங்கியது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலையில், ஆர்பிஎம் முள் 750-இல் நிற்க வேண்டியது, 580-க்கும் 650-க்கும் நடுவே ஊசலாடியது. ஏசி போட்டால் ஆஃப் ஆகும் நிலைக்குப் போய்த் திரும்பி வந்தது.

இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று மாதம் ஆனது. எந்த இடத்தில் நேரம் வீணானது, எந்தச் சோதனை வழி காட்டியது, அதன் பிறகு இன்றுவரை வண்டி எப்படி ஓடுகிறது என்பதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். இதே தொல்லையில் இருப்பவருக்கு இரண்டு வாரமாவது மிச்சமாகட்டும்.

முதலில் அறிகுறி. காலையில் ஸ்டார்ட் செய்தால் 1,200 ஆர்பிஎம்மில் ஒரு குறையும் இருக்காது. பதினைந்து நிமிடம் ஓடி இன்ஜின் சூடானதும்தான் நடுக்கம் தொடங்கும். ரேஸ் கொடுத்து 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் அதுவும் காணாமல் போகும். "புது ரிங் இல்லையா, ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், தானா செட் ஆகிடும்" என்றார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. புது ரிங்கும் புது பேரிங்கும் இறுக்கமாக இருக்கும், அந்த உராய்வில் ஐடிலிங் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் உராய்வு நான்கு சிலிண்டருக்கும் பொதுவானது. அது ஆர்பிஎம்மைக் குறைக்குமே தவிர விட்டுவிட்டு உலுக்காது. அதோடு ஆயில் சூடாகி இளகும்போது உராய்வு குறையத்தானே வேண்டும்? என் வண்டியில் எல்லாம் தலைகீழாக நடந்தது. அந்த முரண்பாட்டை முதல் நாளே பிடித்திருக்க வேண்டும். நான் பேச்சை நம்பி 1,000 கிலோமீட்டர் ஓட்டினேன். அது எவ்வளவு ஆபத்தான காத்திருப்பு என்பது பின்னால்தான் தெரிந்தது.

நடுவில் ஸ்பார்க் பிளக் நான்கும் மாற்றினேன், மாற்றம் இல்லை. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். செய்து மாட்டியதும் ஐடிலிங் 1,400-க்கு ஏறி நின்றது! பயந்துபோனேன். காரணம் எளிது. அழுக்கு படிந்த த்ராட்டிலுக்கு ஏற்ப எவ்வளவு காற்று விட வேண்டும் என்று ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) முன்பே கற்று வைத்திருந்தது. அழுக்குப் போன பிறகும் பழைய கணக்கிலேயே காற்றை விட்டது. இன்ஜினைச் சூடாக்கி, ஏசி, லைட் எல்லாம் அணைத்து, காலை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் ஓட விட்டேன். பிறகு ஏசி போட்டு இன்னும் சில நிமிடம். கணக்கைத் திருத்திக்கொண்டு கீழே இறங்கியது. சில கார்களில் இந்த ரீலேர்னிங்கை ஸ்கேனர் வழியாகத்தான் செய்ய முடியும். இன்ஜின் வேலைக்காகப் பேட்டரி கழற்றப்பட்ட வண்டிகளில் இது பலரும் விட்டுவிடும் படி. ஆனால் என் நடுக்கம் அங்கேயேதான் இருந்தது.

அப்புறம்தான் ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கி லைவ் டேட்டா பார்க்க ஆரம்பித்தேன். பதிவாகியிருந்த கோடு பி0300, அதாவது குறிப்பிட்ட சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர் (கலவை சரியாக எரியாமல் தவறுவது). அதைவிட உதவியது ஃப்யூல் ட்ரிம், அதாவது கலவையைச் சரியாக வைக்க ஈசியூ பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம். ஐடிலிங்கில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டினால் பிளஸ் 17 சதவீதம். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் பிளஸ் 4. இது ஏர் லீக்கின் அடையாளம். த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக்குக்குள் வேக்யூம் அதிகம், உள்ளே போகும் மொத்தக் காற்று குறைவு. அப்போது ஒரு சின்ன ஓட்டை வழியாக நுழையும் திருட்டுக் காற்றுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். ரேஸ் கொடுத்தால் அதே ஓட்டை மொத்தக் காற்றில் பொருட்டே இல்லை. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளில் இது தெளிவாகத் தெரியும், என்னுடையது அந்த வகை. இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பும் வண்டிகளில் ஏர் லீக் இருந்தால் ட்ரிம் பெரிதாக மாறாமல் ஐடிலிங் ஏறி நிற்பதுதான் அதிகம்.

புகையைச் செலுத்திக் கசிவு தேடும் ஸ்மோக் டெஸ்டில் ஐந்தே நிமிடத்தில் இடம் தெரிந்தது. இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், கண்ணுக்கே படாத இடத்தில் பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) அடிப்பக்கம் கீறியிருந்தது. வருடக்கணக்கில் சூட்டில் இறுகிய ரப்பர். கழற்றாத வரை தாங்கியிருக்கிறது, கழற்றி மாட்டும்போது விட்டுவிட்டது. இன்ஜின் பிரிக்கும்போது கழற்றப்படும் ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதிதாகவே போட்டுவிடுங்கள். இன்னொன்று: லீக் பார்க்க சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஹோஸ் மாற்றியதும் ட்ரிம் பிளஸ் 3-க்கு வந்தது, ஆர்பிஎம் 700-க்கு ஏறியது. சரி, முடிந்தது என்று மூன்று நாள் சந்தோஷமாக இருந்தேன். நான்காவது நாள் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தியபோது அதே உலுக்கல். இந்த முறை கோடு பி0303. மூன்றாவது சிலிண்டர் என்று பெயர் சொல்லியே வந்தது. ஏர் லீக் கிளப்பிய புழுதி அடங்கியதால்தான் அடியில் இருந்த உண்மையான கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்பது அன்று உறைத்தது.

மூன்றாவது சிலிண்டரின் காயிலையும் பிளக்கையும் முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டேன். மிஸ்ஃபயர் மூன்றிலேயே இருந்தது. இன்ஜெக்டரை மாற்றினேன், அப்போதும் மூன்றில்தான். ஆக மின்சாரமும் பெட்ரோலும் காரணம் இல்லை, கோளாறு இரும்பில் இருக்கிறது.

இங்கேதான் இன்டேக்கின் வேக்யூமை அளக்கும் வேக்யூம் கேஜ் வந்தது. பழைய காலத்துக் கருவி என்று பலர் ஒதுக்குவார்கள். எனக்கு இன்றும் அதைவிட நேர்மையான கருவி வேறு தெரியவில்லை. கடல் மட்டத்துக்கு அருகில் நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவைக் காட்டும். உயரம் ஏற ஏற 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். முள் அசையாமல் 14, 15-இல் தங்கிவிட்டால் டைமிங் தாமதமாக இருக்கலாம், பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். பெல்ட் மாட்டியதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு மார்க் சேர்கிறதா என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும். என் முள் இதில் எதையும் செய்யவில்லை. குளிரில் 19-இல் அசையாமல் நின்றது. சூடானதும் தாளம் தப்பாமல் இரண்டு மூன்று அங்குலம் டக், டக் என்று இறங்கி ஏறியது. ஒழுங்கான இடைவெளியில் இறங்கினால் ஒரே ஒரு சிலிண்டரில் வால்வ் சரியாக மூடவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

கம்ப்ரஷன் ஏற்கெனவே பார்த்தாயிற்றே, நான்கும் சரியாக இருந்ததே என்று மெக்கானிக் அண்ணன் கேட்டார். பார்த்ததென்னவோ உண்மைதான், ஆனால் காலையில், குளிர்ந்த இன்ஜினில். "அண்ணா, சூட்டோட ஒரு தடவை பார்த்துடலாம்" என்றேன். அவர் மறுக்கவில்லை. நான்கு பிளக்கும் கழற்றி, இன்ஜெக்டர், காயில் கனெக்டர்களைப் பிடுங்கி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி சுற்றினோம். 180, 175, 130, 178 பிஎஸ்ஐ. மூன்றாவது தனியாக விழுந்து கிடந்தது. அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் 134 மட்டும். ரிங் காரணமாக இருந்தால் ஆயில் விட்டதும் நன்றாக ஏறியிருக்கும். லீக் டவுன் கருவியை மாட்டிக் காற்றழுத்தம் கொடுத்ததும் சைலன்சர் பக்கம் உஸ்ஸென்று சத்தம். எக்ஸாஸ்ட் வால்வ்.

வால்வ் கவரைத் திறந்து ஆற விட்டு, இடைவெளி அளக்கும் மெல்லிய இலைகள் கொண்ட ஃபீலர் கேஜ் வைத்தோம். என் இன்ஜினுக்கு எக்ஸாஸ்ட் வால்வ் பக்கம், அதைத் திறக்கும் கேமுக்குக் கீழே இடைவெளி 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரின் ஒரு வால்வில் 0.05 இலைகூட நுழையவில்லை. நடந்தது இதுதான்: சீட் கட்டிங் செய்தால் வால்வ் ஹெட்டுக்குள் கொஞ்சம் ஆழமாக உட்காரும். அதனால் அதன் தண்டு மறுமுனையில் அதே அளவு மேலே வரும், இடைவெளி சுருங்கும். இந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளில் பழையவற்றை அளக்காமல் அப்படியே திரும்பப் போட்டிருந்தார்கள். குளிரில் வால்வ் ஏதோ மூடிக்கொண்டது. சூட்டில் தண்டு நீண்டதும் கேம் அதை முழுதாக மூட விடவில்லை. ரேஸ் கொடுத்தால் கசிவதற்கு நேரம் குறைவு, அதனால் நடுக்கம் மறைந்தது. மூன்று மாதமாக விளங்காத எல்லா அறிகுறிக்கும் அந்த மெல்லிய இலை பதில் சொன்னது.

எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டில் பெரும்பகுதியை மூடியிருக்கும்போது சீட் வழியாகத்தான் இறக்கி வைக்கிறது. சரியாக மூடாத வால்வ் அப்படியே கருகும். "ஓடட்டும், செட் ஆகும்" என்று காத்திருந்த 1,000 கிலோமீட்டரை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. நல்ல வேளை, சீட்டும் வால்வும் தப்பின. இடைவெளியே இல்லாததால் முதலில் மெல்லிய ஷிம் ஒன்றைப் போட்டு அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டுச் சரியான தடிமனைத் தேர்ந்தெடுத்தோம். 16-இல் ஆறு ஷிம் மாறின. அன்று மாலை சூட்டில் முள் 19-இல் ஒட்டிக்கொண்டது, ஆர்பிஎம் 760. இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் வண்டி வைத்திருப்பவர்களும் முழுதாக நிம்மதியடைய வேண்டாம். சீட்டை அளவுக்கு மீறிக் கட் செய்து தண்டின் உயரத்தைச் சரிசெய்யாமல் விட்டால் அங்கும் இதே கதைதான்.

இந்தச் சோதனைகளின்போது ஒரு கவலை இருந்துகொண்டே இருந்தது. புது ரிங் போட்ட இன்ஜினை மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விடக் கூடாது. சுமை இல்லாமல் ஓடினால் ரிங் சரியாகப் படியாமல் போர் சுவர் வழவழப்பாகிவிடும். அதனால் ஒவ்வொரு சோதனையையும் சில நிமிடங்களில் முடித்து, நடுவில் வண்டியைச் சாலையில் ஓட்டிவந்தோம்.

இனி அதற்குப் பிந்தைய நாட்கள். இன்ஜின் வேலைக்குப் பிறகு 8,000 கிலோமீட்டரில் மறுபடி ஸ்டியரிங்கில் அதிர்வு. மனம் உடனே வால்வுக்குத்தான் ஓடியது. ஆனால் வேக்யூம் முள் அசையவில்லை, ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யம். அப்படியென்றால் இன்ஜின் சீராகத்தான் ஓடுகிறது, அதிர்வு பாடிக்குக் கடத்தப்படுகிறது. புது இன்ஜின் மவுண்ட் ஒன்று முறுக்கிய நிலையிலேயே இறுக்கப்பட்டிருந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, இன்ஜின் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு சொன்ன டார்க்கில் இறுக்கியதும் போய்விட்டது. 11,000-இல் ஸ்டார்ட்டிங் கொஞ்சம் மந்தமானது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் முனையில் பெயின்ட் சுரண்டப்படவில்லை. சுரண்டி மாட்டினோம்.

15,000-இல் வால்வ் இடைவெளி மறுபடி அளந்தோம். எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டு வால்வில் 0.02 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. புதிதாகக் கட் செய்த சீட் படியும்போது இது வரக்கூடியதுதான். வரம்புக்குள் இருந்ததால் கை வைக்கவில்லை. 25,000-இல் பார்த்தபோது அதற்கு மேல் குறையவில்லை. ஆயில் மட்டம் 5,000 கிலோமீட்டருக்குள் கண்ணுக்குத் தெரிந்து இறங்குவதில்லை. சூட்டில் ஐடிலிங் 750, ஏசி போட்டால் 850.

16 வால்வின் இடைவெளியும் ஷிம் தடிமனும் எழுதிய தாள் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. அடுத்து 40,000-இல் அளக்க வேண்டும்.