கூடலூரில் ழ: மலையாளமா, கன்னடமா?

நீலகிரியின் கூடலூருக்குக் கேரளப் பேருந்தும் வரும், கர்நாடகப் பேருந்தும் வரும். ழகரத்துக்கு அந்த இரண்டு மொழிகளிலும் வெவ்வேறு கதி.

மலையாளத்தில் ஒலியும் உண்டு, தனி எழுத்தும் உண்டு. நம் மழை அங்கே மழ, வாழை வாழ. நாக்கின் நுனி பின்னால் வளையும், ஆனால் அண்ணத்தைத் தொடாது. தொட்டால் அது ள.

கன்னடத்தில் தொட்டுவிட்டது: மளெ, பாளெ, கோளி, ஏளு. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ழகரத்துக்கு எழுத்து இருந்தது, பிற்பாடு வழக்கொழிந்தது. யூனிகோடில் இன்றும் அதற்கு இடம் இருக்கிறது.

சரி, நமக்கு எது சுலபம்? மலையாளம்தான். கன்னடத்தில் ஒவ்வொரு ளகரத்திலும் யோசிக்க வேண்டும்: ஏளு நம் ஏழு, ஆனால் கள்ள நம் கள்ளன்தான். வீட்டில் ‘மளை’ என்று சொல்லும் பிள்ளைகளை மலையாளம் பேசும் அக்கம்பக்கத்தாரோடு பேச விடுங்கள்; ழ சீக்கிரம் பிடிபடும்.